அம்மா வாங்கிய மாரிச் சென்ற்

அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அண்ணாவைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு வருகிற முதல் எரிச்சலே அதுதான். அம்மாவின் ஐம்பத்தெட்டு வருச வாழ்க்கையில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அங்கே நிரோஜன் அண்ணா காலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பார். நான் அவருக்கு மூன்று வருசம் இளையவள். பெயர் தேனுகா. நிரோஜனின் தங்கச்சி என்றால் எட்டாம் வாய்க்காலில் எல்லோருக்கும் தெரியும். தேனுகா என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அம்மாவின் பெயர் விமலேஸ்வரி. வரணியில் பிறந்தவர். அவருக்கு நாலு வயதாக இருந்தபோது தகப்பனாருக்குக் குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயல் கிடைத்தது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல். குடும்பத்தோடு கிளிநொச்சிப் பக்கம் வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் வாய்க்காலின் இலக்கம்தான் ஊரின் பெயர். அம்மா வளர்ந்தது பத்தாம் வாய்க்கால், கலியாணம் கட்டி வந்தது எட்டாம் வாய்க்கால். சைக்கிளில் கால் மணித்தியாலம் கூட வராது. ஆனால் அம்மா சொல்லும்போது கடல் கடந்து வந்தவர் போலத்தான் இருக்கும். அப்பா அப்புத்துரை நாள் முழுக்க வயலில் நிற்பார். வீட்டில் நிற்கிற நேரத்தில் கதைக்கமாட்டார். ஆகவே வீடு முழுவதும் அம்மாவின் ராச்சியம்.

அம்மாவிடம் பெரிய படிப்பில்லை. ஆனால் அப்படியொரு மூக்கு இருக்கிறது. நெல் அவிக்கும்போது கிடாரத்தின் மூடியைத் திறக்காமலே பதத்தைச் சொல்லிவிடுவார். பக்கத்து வளவில் பருப்பு அடிப்பிடித்தால் அந்த வீட்டுக்காரிக்கு முதல் அம்மாவுக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது புளியம்பழம் தின்றேனா, ஐஸ்பழம் குடித்தேனா என்று படலையில் வைத்தே கண்டுபிடித்து ஏச்சுத் தருவார். அண்ணாவும் தின்றவர்தான். அவரிடமிருந்து மட்டும் ஒரு மணமும் வந்ததில்லை.

என் மனக்குறைகளை அடுக்கத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. இரண்டை மட்டும் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து போனபோது அம்மா அண்ணாவின் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிக்கூட ரிப்போட்டையும் பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அது ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் திரும்பி வந்தது. என்னுடையதைப் பிறகு அரசாங்கக் கச்சேரியில் வரிசையில் நின்று எடுத்தோம். கேட்டால், “அவசரத்திலை கையிலை அம்பிட்டதை எடுத்தனான்” என்பார். கையில் அண்ணாதான் அம்பிடுவார், எப்போதும்.

இரண்டாவது குறை ஒரு சென்ற் போத்தல், உடம்புக்கு அடிக்கிற வாசனைச் சென்ற். இந்தக் கதையே அதைப் பற்றியதுதான்.

அண்ணாவுக்குக் கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் வேலை கிடைத்தது ஒரு கார்த்திகை மாதத்தில். அந்த வருசம் மழை விடாமல் பெய்தது. கொடியில் போட்ட உடுப்பு மூன்று நாளாகியும் காயாது. எப்படித் தோய்த்தாலும் சேட்டில் ஒரு ஈர நாற்றம் நின்றது. முதல் நாள் வேலைக்குப் போகிற பிள்ளை அப்படிப் போகலாமா? அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, டவுனில் சென்ற், பவுடர் விற்கிற பன்சிக் கடைக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார், பை தூக்க. கடைப் பிள்ளை சின்னக் கடதாசித் துண்டுகளில் சென்ற்றை அடித்து நீட்டினாள். அம்மா கடதாசியை நம்பவில்லை. தன் கையில் அடிக்கச் சொன்னார், முழங்கைவரை இடம் முடிந்ததும் என் கையை இழுத்து நீட்டினார். பதினொரு போத்தல் மணந்து பார்த்து, கடைசியில் ஒரு கறுத்தப் போத்தலை எடுத்தார். சந்தனமும் கறுவாப்பட்டையும் கலந்ததுபோல ஒரு கனமான மணம். பஸ்ஸில் வரும்போது அந்தப் பையை மட்டும் என்னிடம் தரவில்லை. மடியில் வைத்திருந்தார்.

அடுத்த வருசம் எனக்கு முன்பள்ளியில் வேலை கிடைத்தது. அம்மா ஒரு குடை வாங்கித் தந்தார். நல்ல குடைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்காகக் கடையில் பதினொரு குடையை விரித்துப் பார்க்கவில்லை.

இதிலே பெரிய பகிடி என்னவென்றால் அண்ணாவுக்குப் பீனிசம். மூக்கு எந்த நேரமும் அடைத்தபடி. கருவாடு பொரித்தாலே என்ன சமையல் என்று கேட்கிற ஆள். அம்மா காலையில் வாசலில் வைத்து அந்தச் சென்ற்றை அவருடைய கழுத்துக்கு இரண்டு, மணிக்கட்டுக்கு இரண்டு என்று அடித்துவிடுவார். அண்ணா சும்மா நிற்பார். மணத்தை முழுதாக அனுபவிக்கிறது அம்மாதான். அவர் போன பிறகும் அம்மா வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். பின்னால் நின்று தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவுகிறவள் நான். எனக்கு அந்த மணத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

பிறகு மச்சாள் வந்தாள்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணா தானே ஒருத்தியைப் பார்த்துவிட்டார். யதுர்ஷிகா. ஓமந்தைப் பெட்டை, அதே கந்தோரில் வேலை. தங்கச்சி இருக்கத் தமையன் கட்டுவதா என்று ஊர் கேட்டது. அம்மாவிடம் நானும் கேட்டேன். “அவன் ஆசைப்பட்டிட்டான்” என்று ஒரு வசனத்தில் முடித்துவிட்டார். தை மாதம் கலியாணம். மாசியில் மச்சாளின் உடுப்புப் பெட்டிகள் எங்கள் வீட்டு அறைக்குள் வந்து இறங்கின. அதற்குள் ஒரு பச்சைப் போத்தல். சுவிஸில் இருக்கிற அவளுடைய சித்தி மாப்பிள்ளைக்கென்று கொடுத்து அனுப்பிய சென்ற். தேசிக்காய்த் தோலைக் கிள்ளி மணந்ததுபோல, எலுமிச்சையின் லேசான மணம். அம்மாவின் கறுத்தப் போத்தலும் அந்தப் பச்சைப் போத்தலும் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

ஒரு கிழமை அம்மா பொறுத்தார். அண்ணா கந்தோருக்குப் போகும்போது தேசிக்காய்தான் மணத்தது. எட்டாம் நாள் காலமை, தற்செயலாகக் கேட்பதுபோல மச்சாளைக் கேட்டார்.

“ஏன் பிள்ளை, தம்பி மற்றச் சென்ற்றை இப்ப அடிக்கிறேல்லையே?”

மச்சாள் சீப்பால் தலை இழுத்துக்கொண்டே மறுமொழி சொன்னாள். “அது நல்ல சென்ற்தான் மாமி. ஆனால் கனத்த மணம். மாரிக்கும், பின்னேரத்திலை கலியாணம் காட்சி எண்டு போறதுக்கும் நல்லாயிருக்கும். இந்த வெயிலுக்கை அடிச்சால் வேர்வையோடை சேர்ந்து தலையிடிக்கும். பகலுக்கு, கந்தோருக்கு, கோயிலுக்கு எல்லாம் பச்சைப் போத்தல்தான் சரி.”

“ஓம் பிள்ளை, உங்களுக்குத்தானே இதுகள் தெரியும்” என்று அம்மா சிரித்தார். சிரித்தபடியே குசினிக்குள் வந்து, தேங்காய் திருவிக்கொண்டிருந்த எனக்குப் பக்கத்தில் குந்தினார்.

“தேனு, வன்னியிலை மாரி எத்தினை மாசம்?”

“ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. தையிலை கொஞ்சம்.”

“மூண்டரை மாசம்” என்றார் அம்மா. “மிச்ச எட்டரை மாசமும் அவவுக்கு. எனக்கு மூண்டரை மாசம். அதிலையும் மழை பிந்தினால்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோசமாகவும் இருந்தது, அதை ஒளிக்கப்போவதில்லை. கறிக்கு உப்புக் காணுமா, கொடியிலிருந்து உடுப்பெடுத்தாயா என்பதைத் தவிர, அம்மா தன் மனதிலுள்ளதை என்னிடம் வந்து சொன்னது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வந்தார். மச்சாள் எப்படிச் சோறு போட்டாள், அண்ணாவை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், பழைய தலையணையை எங்கே தூக்கி வைத்தாள் என்று எல்லாம் என் காதில்தான். அம்மா வயிறெரிந்த மாதங்கள் எனக்கு நல்ல மாதங்கள். அண்ணா எடுத்து வைத்திருந்த இடம் கொஞ்சம் காலியாகி, அதன் ஓரத்தில் எனக்கும் குந்தக் கிடைத்தது. இது இப்படியே போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அம்மா என் பக்கத்தில் குந்த வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

அண்ணாவும் மச்சாளும் வேலைக்குப் போனதும் அம்மா அறைக்குள் போவார். கறுத்தப் போத்தலுக்குள் எவ்வளவு இருக்கிறதென்று வெளியே தெரியாது. என் போனை வாங்கி, டோர்ச்சைப் போட்டுப் போத்தலுக்குப் பின்னால் பிடித்துப் பார்ப்பார். “அசையேல்லை” என்று வந்து சொல்லுவார். பச்சைப் போத்தலைப் பார்க்க வெளிச்சம் தேவையில்லை. அது நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டு வந்தது.

சித்திரையில் ஒரு நாள் காலமை வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சிறுபோகத்துக்கு விதைத்த நேரம். அப்பா வாசலில் நின்று மேகத்தைப் பார்த்தார். அம்மாவும் வந்து பக்கத்தில் நின்று மேகத்தைப் பார்த்தார். வயலில் இவளுக்கு எப்போது இந்த அக்கறை வந்தது என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். அம்மா உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

“தம்பி, மழை இருட்டுது. கறுத்தப் போத்தலை அடிச்சுக்கொண்டு போவன்.”

“சும்மா இருங்கோ அம்மா. பத்து மணிக்கு வெயில் எறிக்கும்.”

ஒன்பதரைக்கே எறித்தது. 

வைகாசியில் தவராசா மாமாவின் மகளுக்குக் கலியாணம். பின்னேர வரவேற்பு, குளிரூட்டிய மண்டபம். மச்சாளின் சட்டப்படி அது கறுத்தப் போத்தலின் நாள். அம்மா மத்தியானமே குளித்துவிட்டு விறாந்தையில் வந்து இருந்தார். மச்சாளும் சொல் மாறவில்லை, கறுத்தப் போத்தலைத்தான் கையில் எடுத்தாள். “கழுத்தைத் திருப்புங்கோ” என்று அண்ணாவிடம் சொல்வது கதவு நீக்கலால் கேட்டது. ஒரு பக்கம் அடித்தாள். அவர் என்னவோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். மற்றப் பக்கம் அடித்தாள்.

தன் சென்ற் மணத்துக்கொண்டு மகன் வெளியே வருகிறார். அம்மாவுக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டாமா? முகம் சுருங்கிப்போயிருந்தது. மண்டபத்தில் சாப்பாட்டு மேசையில் என் காதுக்குள் சொன்னார். “என்ரை சென்ற்றை அவள் அடிச்சு விடுறாள்.” நான் ஓம் என்று தலையாட்டினேன். எனக்கும் பொறாமையாகத்தான் இருந்தது. ஆர்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடிக்கிறவள் மேலும், வாங்குகிறவர் மேலும், அதைப் பார்த்து வேகிற அம்மா மேலும். எனக்காக ஒருவரும் இப்படி வேகவில்லையே.

அடுத்த கிழமைதான் அம்மாவின் கள்ளத்தைக் கண்டுபிடித்தேன்.

எங்கள் வீட்டில் உடுப்பு அயன் பண்ணுகிற வேலையை அம்மா ஒருவருக்கும் விட்டதில்லை. மச்சாள் கேட்டபோதுகூட, “வேலைக்குப் போற பிள்ளை, உங்களுக்கேன் கரைச்சல்” என்று இனிப்பாக மறுத்துவிட்டார். அன்று காலமை அண்ணாவும் மச்சாளும் கிணற்றடியில் நிற்க, நான் சீப்பு எடுக்க அறைக்குள் போனேன். அண்ணாவின் நீலச் சேட் மேசையில் விரித்துக் கிடந்தது. அம்மா கொலரைத் தூக்கி, அதன் உள்பக்கத்தில் கறுத்தப் போத்தலால் ஒரு அடி அடித்தார். பிறகு கொலரை மடித்து மேலால் அயனை இழுத்தார். ஆவியோடு சந்தனமும் கறுவாவும் எழும்பி அறையை நிறைத்தது.

“அம்மா!”

“சத்தம் போடாதை” என்றார். அயனைக் கீழே வைக்கவுமில்லை. “ஒரே ஒரு அடிதான். ஆருக்கும் தெரியாது.”

“அண்ணாவுக்குப் பீனிசம், அவருக்குத் தெரியாதுதான். மச்சாளுக்கு?”

அம்மா அதற்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தார். இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில்தான் கந்தோருக்குப் போகிறார்கள். பின்னால் இருக்கிறவளின் மூக்கு அண்ணாவின் கொலருக்கு நேரே வரும். “கிளிநொச்சி போய்ச் சேருமட்டும் மணக்கட்டும்” என்றார். அந்த நேரத்தில் அவருடைய முகத்தில் இருந்த திருப்தியை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

“ஆரிட்டையும் சொல்லிப்போடாதை, தேனு.”

நான் சொல்லவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் இடையில் ஒரு இரகசியம் இருப்பது எவ்வளவு பெரிய விசயம். அந்தக் கிழமையிலிருந்து அம்மா அயன் பண்ணும்போது நான் அறை வாசலில் காவல் நின்றேன். மச்சாளுக்கு மணத்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு நாள் அண்ணாவின் சேட்டை மூக்கில் வைத்துக்கொண்டு யோசித்தபடி நின்றாள். என்னைக் கண்டதும் மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். கேட்டிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அவள் கேட்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

ஆனி மாதம் எங்கள் அம்மன் கோவில் தேர். எட்டாம் வாய்க்கால் முழுக்கக் கூடுகிற நாள் அது. பத்தாம் வாய்க்காலிலிருந்து அம்மாவின் சொந்தங்கள் வரும். இந்த வருசம் ஓமந்தையிலிருந்து மச்சாளின் தாய் கமலேஸ்வரியும் வருகிறா. அம்மாவுக்கு ஒரேயொரு எண்ணம்தான். அவ்வளவு சனத்துக்கு நடுவில் தன் மகன் தன்னுடைய மணத்தோடு நிற்க வேண்டும். இரண்டு நாளைக்கு முதலே அண்ணாவிடம் நேரடியாகக் கேட்டார்.

“தம்பி, தேருக்கு நான் வாங்கித் தந்ததை அடியன்.”

அண்ணா மச்சாளைப் பார்த்தார். அது போதாதா? மச்சாள் பணிவாகத்தான் சொன்னாள்.

“மாமி, மத்தியான வெயில். வடம் பிடிக்கிறவை வேர்த்து ஊத்துவினம். அதுக்கு அந்தச் சென்ற் ஏலாது. தீபாவளிக்கு அதைத்தான் அடிச்சு விடுவன்.”

“சரி பிள்ளை.”

தேர் நாள் விடிய அம்மா அண்ணாவின் வெள்ளைச் சேட்டை மேசையில் விரித்தார். நான் வழக்கம்போல வாசலில் நின்றேன். ஒரு அடி என்று நினைத்தேன். கொலரில் அடித்தார், இரண்டு கைகளின் உள்பக்கமும் அடித்தார், நெஞ்சுப் பக்கத்தில் பொத்தான் வரிசை நீளத்துக்கு அடித்தார், முதுகிலும் அடித்தார். பதினேழுவரை எண்ணினேன்.

“காணும் அம்மா, இனி அடியாதேங்கோ. அண்ணாவுக்கே மணக்கப்போகுது.”

“மணக்கட்டும்” என்றார்.

நாங்கள் நடந்துதான் போனோம். கோவில் கிட்டத்தான். வீட்டில் வைத்தே மச்சாள் அண்ணாவின் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் பச்சைப் போத்தலை அடித்திருந்தாள். அதன் மேல் அம்மாவின் சேட். ஒழுங்கையில் அண்ணாவுக்குப் பக்கத்தில் நடந்த அம்மாவைப் பார்த்திருக்க வேண்டும். கழுத்து நிமிர்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, எதிரே வந்த எல்லோரையும் கூப்பிட்டுக் கதைத்துக்கொண்டு போனார். பின்னால் நானும் அப்பாவும். எனக்கு அந்த மணத்தில் தலை சுற்றியது. அண்ணா ஒருமுறை மூக்கை உறிஞ்சிச் சுற்றுமுற்றும் பார்த்தார், சாம்பிராணி என்று நினைத்திருப்பார்.

கோவில் வாசலுக்கு வந்ததும் அண்ணா செருப்பைக் கழற்றினார். பிறகு சேட்டின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

எங்கள் கோவில்களில் ஆம்பிளைகள் சேட்டோடு உள்ளே போவதில்லை. வேட்டியும் வெறும் மேலும்தான். இது அம்மாவுக்குத் தெரியாததல்ல. சின்ன வயதில் அண்ணா வெட்கப்பட்டு நின்றால், “கழட்டடா, சாமிக்கு முன்னாலை என்ன வெக்கம்” என்று இதே வாசலில் பிடித்து இழுத்துக் கழற்றியவரே அவர்தான். பதினேழு அடி அடித்தபோது அம்மாவுக்கு இது நினைவில் வரவில்லை. காவல் நின்ற எனக்கும் வரவில்லை.

அண்ணா சேட்டைச் சுருட்டி நீட்டினார். “அம்மா, இதைக் கொஞ்சம் வைச்சிருங்கோ.”

அம்மா வாங்கிக்கொண்டார். அண்ணா தேசிக்காய் மணத்தோடு உள்ளே போனார். அருச்சனைத் தட்டைத் தூக்கிக்கொண்டு மச்சாள் அவருக்குப் பக்கத்தில் போனாள். நான் சிரித்தேன், என்னால் அடக்க முடியவில்லை. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

தேர் இருப்புக்கு வர மத்தியானம் கழிந்தது. அவ்வளவு நேரமும் அம்மா அந்தச் சேட்டை நெஞ்சோடு பிடித்தபடி வெயிலில் நின்றார். நான் கேட்டேன், “தாங்கோ அம்மா, நான் வைச்சிருக்கிறன்.” தரவில்லை. கமலேஸ்வரி மாமி வந்து பக்கத்தில் நின்று இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினா.

“என்ன சம்பந்தியம்மா, இண்டைக்கு ஒரே வாசமாய் நிக்கிறியள்? ஆம்பிளையளின்ரை சென்ற் மாதிரிக் கிடக்கு.”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரிக்கப் பார்த்தார். உதடு விரியவில்லை.

தேர் நின்றதும் அண்ணா வந்தார். உடம்பெல்லாம் வேர்வையும் புழுதியும். தேசிக்காய் மணம் எப்போதோ போய்விட்டது. தண்ணீர்ப் பந்தலில் எல்லோரும் சர்க்கரைத் தண்ணி குடித்துக்கொண்டு நின்றோம். அண்ணா அம்மாவிடமிருந்து சேட்டை வாங்கி உதறிப் போட்டார். ஒரு கை போட்டதும் நின்றார். வெயிலில் காய்ந்த சேட் வேர்வையில் பட்டதும் அந்த மணம் குப்பென்று கிளம்பியது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன இது?” என்றார் அண்ணா. பீனிசக்காரனுக்கே மணத்துவிட்டது. “ஆர் இதுக்கு இவ்வளவு சென்ற் அடிச்சது? தலையிடிக்குது.”

கமலேஸ்வரி மாமி அம்மாவைப் பார்த்தா. மச்சாளும் பார்த்தாள். அண்ணாவின் முகம் கடுகடுத்திருந்தது. அம்மா வாயைத் திறந்தார்.

“தேனுவாத்தான் இருக்கும். காலமை அவள்தான் சேட்டோடை நிண்டவள்.”

எவ்வளவு சுலபமாக வந்தது என் பெயர். இருபத்தெட்டு வருசமாக நாலு பேருக்கு முன்னால் வாயில் வராத பெயர், இதற்கு மட்டும் உடனே வந்துவிட்டது. எனக்கு உள்ளே கொதித்தது. அந்த இடத்திலேயே, அத்தனை பேருக்கும் முன்னால், கொலர்க் கதையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொட்டியிருப்பேன். ஆனால் அம்மா என்னைப் பார்த்தார். அவருடைய கண் என்னிடம் கெஞ்சியது. அம்மா என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

“ஓம் அண்ணா” என்றேன். “நான்தான் அடிச்சனான்.”

ஏச்சு விழும் என்று காத்து நின்றேன். அதற்குள் மச்சாள் குறுக்கே வந்தாள்.

“ஏசாதேங்கோ. தங்கச்சி ஆசைப்பட்டு அடிச்சிருக்கிறா. போடுங்கோ.”

அவளுக்கு உண்மை தெரியும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மாமியைக் காப்பாற்ற நினைத்தாளோ, வேறெதுவோ, எனக்குத் தெரியாது. அண்ணாவின் முகம் மெல்ல இளகியது. மற்றக் கையையும் சேட்டுக்குள் விட்டு, பொத்தானைப் பூட்டி, என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

“விசரி. பாத்தியே யது, இந்த வீட்டிலை உண்மையா என்னிலை பாசம் வைச்சிருக்கிறது இவள் ஒருத்திதான்.”

பகிடியாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அதோடு விடவில்லை. பத்தாம் வாய்க்கால் மாமாமார் வந்து, “என்னடா மாப்பிள்ளை, ஊருக்கே மணக்குது” என்று கேட்டபோது, “என்ரை தங்கச்சி அடிச்சு விட்டது” என்றார். கூடப் படித்தவர்கள் வந்து கேட்டபோதும் அதையே சொன்னார். தலையிடிக்கிறது என்றவர் அந்தச் சேட்டைக் கழற்றவில்லை. தோளில் கையைப் போட்டு என்னைத் தனக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். சந்தனமும் கறுவாவும் எங்கள் இருவரையும் சுற்றி நின்றது. தேர்க் கூட்டத்துக்கு நடுவில், சொந்தம் அவ்வளவும் பார்க்க, அம்மா நினைத்தபடியே எல்லாம் நடந்தது. பெயர் மட்டும் என்னுடையதாக இருந்தது.

“தம்பி, அது வந்து...” என்று அம்மா ஒருமுறை தொடங்கினார்.

“என்னம்மா?”

“ஒண்டுமில்லை.”

பிறகு என் பக்கம் திரும்பினார். இந்த முறை கண்ணில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. அந்தப் பார்வையை நான் உடனே அறிந்துகொண்டேன். சின்ன வயதில் அம்மா அண்ணாவை மடியில் இருத்திச் சோறு ஊட்டுவார், நான் குசினிக் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் இப்போது அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணாவின் கை என் தோளில் இருந்தது. அம்மாவின் கையில் ஒன்றுமில்லை.

ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். “அது அம்மா அடிச்சது அண்ணா” என்று சொன்னால் போதும், அண்ணா அதே கையை எடுத்து அம்மாவின் தோளில் போட்டிருப்பார். இப்போது ஏச்சும் விழாது. அம்மாவும் நான் அதைச் சொல்லுவேன் என்றுதான் காத்து நின்றார்.

நான் சொல்லவில்லை. பந்தலில் இன்னொரு கோப்பை சர்க்கரைத் தண்ணி வாங்கி, அம்மா பார்த்துக்கொண்டிருக்க, ஆற அமரக் குடித்து முடித்தேன்.